இரவு 2:14

ரொட்டி அளவுப் பெட்டி.
ஆறாயிரம் பாடங்கள் உள்ளே இருப்பதாக
மசேருவிலிருந்து ஜீப்பில் வந்தவர் சொன்னார்.
இணையம் வேண்டாம்.
கூரையில் ஒரு சோலார் தகடு, அலமாரியில் ஒரு பேட்டரி,
அது போதும்.
சுவருக்கு வெளியேயும் முப்பதடி எட்டும் என்றார்,
கையெழுத்து வாங்கும் அவசரத்தில்.

ஜூன் மாதம். மொகோட்லோங் மலையெல்லாம் வெள்ளை.
காலை எட்டு மணிக்கு
இருபத்து மூன்று டேப்லெட்டும் கறுத்துக் கிடந்தன.
பின்னம் பாதியில் நின்றது.
"டீச்சர், சூரியன் நேற்று வேலைக்கு வரலையா?"
என்றாள் ரெலெபோஹிலே.
வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

காவலாளி செகோபியைக் கூப்பிட்டேன்.
பேட்டரியில் உன் போனைப் போட்டாயா
என்று ஒருமையில் கேட்டேன்.
என்னைவிட இருபது வயது மூத்தவர்.
கம்பளியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு
துடைப்பத்தோடு பின்பக்கம் போனார்.

பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைக்கும்.
யார், எப்போது, எது.
பொய் சொல்லக் கற்றுத்தராத பிள்ளை மாதிரி.
மாலையில் திறந்து பார்த்தேன்.

இரவு 2:14.
மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல்.
ஐந்து முறை.
பெயர் கேட்ட கட்டத்தில் ஒரு எண்: 61.
மதிப்பெண் பத்துக்கு இரண்டு.
மறுநாள் 1:50. பெயர் 61. பத்துக்கு நான்கு.
அதற்கு மறுநாளும்.

எங்கள் பதிவேட்டில் அப்படியொரு மாணவன் இல்லை.

பள்ளியின் பின்சுவரில் கரிக்கோடுகள்.
ஐந்தைந்தாகக் கட்டிய குச்சிகள்,
அடித்துத் திருத்திய கழித்தல்கள்.
ஒன்றில் மட்டும் விடை தவறு.
தரையில் ஒரு காலடிகூட இல்லை.
நேற்றைய பனி சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது,
யாரும் நடக்காத அந்த மூலையில்.

செகோபி, உங்களுக்குத் தெரியும்.
தெரிந்துதான் திட்டு வாங்கினீர்கள்.

பகலில் ஆடு மேய்க்கிறவன்
இரவில் பட்டியைக் காக்கிறவன்
பெயர் எழுதத் தெரியாத இடத்தில்
தெரிந்ததை எழுதியிருக்கிறான்:
மாலையில் எண்ணி உள்ளே விட்டதை.

பிற்பகல் வீடியோவை நிறுத்தினேன்.
பேட்டரி பாதிக்குமேல் இரவுக்கு.
இது நியாயமா என்று தெரியவில்லை;
ஏழாம் வகுப்புக்கு அக்டோபரில் தேர்வு.
ட்செலிசோவின் அப்பா வந்து சத்தம் போட்டார்.
அறிக்கையில் "கருவிப் பழுது" என்று எழுதினேன்,
பெட்டிக்குக் கற்றுத்தராததை நானே செய்தேன்.
ரெலெபோஹிலேக்கு மட்டும் சொன்னேன்:
சூரியன் வந்தது, இரவுப் பணிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பத்துக்கு ஆறு. பத்துக்கு ஏழு.
சுவரில் தவறிய விடைக்குப் பக்கத்தில்
சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன்.
மறுநாள் விடை சரியாக இருந்தது.
புள்ளியையும் அழித்திருந்தான்.

பிறகு மூன்று இரவு யாருமில்லை.
பச்சை விளக்கு தனியாகக் கண்சிமிட்டியது.

நான்காம் இரவு, 3:05.
பெயர் கட்டத்தில் 58.

பழக்கத்தில் வாய் முணுமுணுத்தது:
ஒன்றிலிருந்து மூன்று போகாது.
பக்கத்தில் கடன் வாங்கு.
பதினொன்றில் மூன்று போனால் எட்டு.
சரியாகத்தான் கழித்திருக்கிறான்.
நரியா, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஆட்களா,
அதைக் கேட்கப் பெட்டியில் கட்டம் இல்லை.

அன்று அவன் பார்த்தது வேறு பாடம்.
பெருக்கல். மூன்றாம் வாய்ப்பாடு.
ஒன்பது முறை.

ஒரு ஆட்டின் விலை இங்கே எல்லோருக்கும் தெரியும்.
தொலைந்தால் மேய்ப்பவன் கூலியில் பிடிப்பார்கள்
என்பதும் தெரியும்.
நான் மூன்றால் பெருக்கினேன்.
சம்பளச் சீட்டின் பின்புறம்
மேலே என் எண், கீழே அவன் எண்.

போகவில்லை.
பக்கத்தில் பார்த்தேன்,
அங்கேயும் பூஜ்யம்.