ஒன்பதாவதிலிருந்து

ஹெர்மினா வ்ராட்னியை எங்கே தொடங்குவது?
பதினெட்டு வருடமாய் என் பதில் ஒன்றுதான்:
முதல் நூலில் வேண்டாம்.
எழுதும்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.
எண்பது பக்கம் வரைபடமும் வம்சாவளியும்,
ஒரு சாவு விழவே இருநூறு பக்கம் ஆகும்.
மூன்றாவதை எடுங்கள், 'உப்பு வாயில்'.
நாய் வளர்ப்பவர்கள் ஐந்தாவதைத் தாண்டிப் போங்கள்.
ஏழாவதை இரவில் படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன்,
சொன்னால் இரவில்தான் படிப்பீர்கள்.

வெந்தெலீன் எதுவும் கேட்கவில்லை.
ஒஸ்ட்ராவாவில் டிராம் ஓட்டுகிறவர்.
கடைக்கு எதிரேதான் தடம் வளைந்து திரும்புகிறது.
கையுறையைக் கழற்றாமலே
தள்ளுபடிப் பெட்டியைத் துழாவி
ஒன்பதாவதை எடுத்தார்.
பனியில் ஊறி உப்பிப்போன பிரதி, முப்பது கொருணா.
"ஐயோ, அது முடிவு" என்றேன்.
"கடைசி நிறுத்தத்தில்தான் எனக்கு ஏழு நிமிடம்.
அங்கேதான் எதையும் தொடங்க முடியும்."

அந்த நூல் சாம்பலில் திறக்கும்.
ராணியைப் புதைக்கக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.
பிப்ரவரியில் எட்டாவது கேட்டு வந்தார்,
பிறகு ஏழு, பிறகு ஆறு.
"மணியடிப்பவன் எழுந்துவிட்டான்" என்றார் ஒருநாள்,
மீதிச் சில்லறையை எண்ணாமல்.
"கோட்டைக்குக் கூரை வந்துவிட்டது.
பல் பிடுங்கப்பட்ட அந்த உளவுக்காரி
இப்போது வாதுமைக் கொட்டை உடைக்கிறாள்."

ஐந்தாவதை நீட்டும்போது
நாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
"நாலாவதில் வாலாட்டும், இல்லையா?" என்றார்.
ஆட்டும்.

முறையாகப் படித்தவள் நான்.
ஒவ்வொரு பாடைக்கும் பின்னால் நடந்தவள்.
எனக்கு வ்ராட்னி கல்நெஞ்சக்காரி.
அதே தாளில், அதே மசியில்
அவருக்கு யாரோ வேறொருத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் முதல் நூல்.
ஜன்னலோரம் நின்று வம்சாவளியில் விரல் ஓட்டினார்.
தினமும் ஏறும் பயணிகளுக்குச் செய்வதுபோல
பெயருக்குப் பெயர் தலையசைத்தார்.
எல்லாரும் இருந்தார்கள்.
ஊரையே எரிக்கப்போகும் மடாதிபதிக்கு வயது ஆறு,
முழங்காலில் ஆறாத பொருக்கு.

மூன்று வாரம் ஆள் வரவில்லை.
வந்தபோது புத்தகம் கக்கத்தில் இருந்தது,
இருநூறாம் பக்கத்தில் பயணச்சீட்டு செருகியிருந்தது.

"இந்தப் படகுக்காரி," என்றார்,
"இவளுக்கு முந்தின நூல் எது?"

இல்லை என்றேன்.

வேறெங்காவது, சிறுகதையில், குறிப்பில்?

அலமாரியைப் பார்த்தபடி நின்றோம் இருவரும்.
வெளியே யாரோ டிராம் கதவைத் தட்டினார்கள்.
அன்று அந்த வண்டி
மூன்று நிமிடம் பிந்திக் கிளம்பியது.