பெயராத தொட்டி

நீர்ப்பனிக் காலம் முடிந்துவிட்டது.
இனி, சாயங்கால வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தால்
காந்தலில் யாரும் நட்சத்திரத்தை ரசிப்பதில்லை.
"இன்னிக்கு வெள்ளையடிக்கும்" என்பாள் மாதியக்கா.
அவ்வளவுதான்,
மொட்டைமாடிக் கதவு திறந்துவிடும்.

தோட்டம் படியிறங்கத் தொடங்கும்.
பெயின்ட் வாளியில் பீன்ஸ்,
சுலைமான் கடை மீன்பெட்டியில் தக்காளி,
கைப்பிடி போன குக்கரில் மிளகாய்,
யாருடையதென்று யாரும் ஒப்புக்கொள்ளாத
ஹெல்மெட்டில் கொத்தமல்லி.
பூண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.
பனியில் கிடந்து பழகிய பிறவி.

படிக்கு இரண்டு வாளி, சுவரோரமாய்.
ராத்திரி டியூட்டி முடிந்து வரும் பெள்ளிராஜ்
நண்டுபோல் பக்கவாட்டில் ஏறுவான்.
நுனிக்கொடி ஒன்று ஸ்வெட்டரைப் பற்றிக்கொண்டு
அவன் வீட்டு வாசல்வரை எட்டிப் பார்க்கும்.
நிலத்தைத் தூக்கி உள்ளே வைப்பது
ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவனுக்கு
வாய்க்காத வசதி.

ஒன்றைத் தவிர.

இரும்புக் குளியல் தொட்டி, நான்கு சிங்கக் கால்.
எங்கோ இடித்த பங்களாவிலிருந்து
இருதயராஜ் எட்டு ஆள் வைத்து ஏற்றியது.
தளம் விரியும் என்று நான் சொன்னேன்.
சொன்னதோடு விடவில்லை, நான் செயலாளர்:
தீர்மானம் எண் பதினொன்று, ஏழு கையெழுத்து.
நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்,
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்,
திருப்பிக் கொடுத்தார்.
அப்புறம் எட்டு மாதம்
என் முறை வரும்போதெல்லாம் ஹோஸைக் கையில் தராமல்
தரையில் போட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் தொட்டியில் உருளைக்கிழங்கு ஊன்றினார்.
கார்த்திகையில் ஒரு விடியற்காலை
ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ
மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள்
முடிந்துவிட்டது.

மார்கழி. எல்லாம் இறங்கியாயிற்று.
முழங்கால் உயரம் வளர்ந்து, பூ வேறு விட்டு,
அந்தச் செடிகள் மட்டும் மேலே.
நாலு பேர் பிடித்தோம். அசையவில்லை.
ஆறு பேர். என் இடுப்பு மட்டும் அசைந்தது.
போர்வை கேட்டேன்.
அந்தக் குளிரில் யார் தருவார்கள்,
நானும்தான் தரவில்லை.
"அவரோட ஃபிளெக்ஸ் இருக்கே" என்றாள் தவமலர்.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்.
மேட்டுப்பாளையத்தில் அடித்து,
பர்லியாறு செக்போஸ்ட்டில் சீட்டுக்கடியில் ஒளித்து,
மலைக்கு வந்து ஒரே நாள் தொங்கி,
அபராதத்துக்குப் பயந்து அவிழ்த்த எட்டடி முகம்.

நாலு மூலைக்கும் மூங்கில் நட்டு விரித்தோம்.
முகம் மேலேயா, உள்ளேயா?
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
நான்தான் புரட்டினேன்.
செடியைப் பார்த்தபடி அவர்,
பனிக்கு வெறும் வெள்ளை முதுகு.

காலை ஆறு மணி.
துணிக்கயிறு, தகரக்கூரை, பூண்டுத்தாள்,
எல்லாவற்றிலும் உப்பு தூவியிருந்தது.
பனி கொல்வதில்லை, அதன்மேல் விழும் வெயில்தான் கருக்கும்,
அதற்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.
ஹோஸுக்குள்ளேயும் ஐஸ்.
மக்கில் மொண்டு மொண்டு தெளித்தேன்,
விரல் என்னுடையதா என்று தெரியவில்லை.

விரிப்பைத் தூக்கினோம்.
ஓரத்தில் காற்று விலக்கிய இடத்தில் ஒரு செடி
வேகவைத்த கீரைபோல் துவண்டிருந்தது.
மீதி பச்சை.
உள்பக்கம் வியர்த்திருந்தது:
நெற்றி, மீசை,
தோற்றம், மறைவு,
இரண்டு தேதியிலும் சொட்டு.
"வருத்தத்துடன்" என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
இதை யார் திருத்துவது.

மாசியில் தோண்டினால் எத்தனை தேறுமோ தெரியாது.
வேறொரு விஷயம்.
போன வாரம் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறியபோது பார்த்தேன்,
தொட்டிக்கு நேர் கீழே, என் கூரையில்,
தலைமுடிபோல் ஒரு விரிசல்.
பழைய சுண்ணாம்பு அதற்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது.
தொட்டி வருவதற்கு முந்தியது.

நோட்டில் இன்னும் எழுதவில்லை.