குறுக்குவெட்டு

ஓலோவோ மரவாடியின் ரம்பம்
பல் உடைத்துக்கொண்ட இடத்திலிருந்து
ஒரு துண்டு பீச் மரம்
சரயேவோவுக்கு வந்திருக்கிறது,
பழைய செய்தித்தாளில் சுற்றி.

ஊறவைத்து, மைக்ரோடோமில்
வெங்காயத் தோலினும் மெல்லிதாய்ச் சீவி
சாஃப்ரனினில் நனைக்கிறாள் மிர்ஸேதா.
சிவப்பு ஏற ஏற
சைலக்குழாய்கள் வாய் திறக்கின்றன,
தண்ணீர் மேலேறிய வழி,
ஆயிரம் ஓட்டைகள்.

இரும்பு இருந்த பக்கம் மட்டும்
ஓட்டை இல்லை.
அடுத்த வீட்டு உயிரணுக்கள்
சுவரின் குழிவழியே தலை நுழைத்து
குமிழ் குமிழாய் ஊதி
உள்ளிருந்தே அடைத்திருக்கின்றன.
அதற்கப்பால் கேம்பியம்
வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

துண்டைத் திருப்பி
பட்டையிலிருந்து எண்ணுகிறாள்:
முப்பத்தொன்று.
காபி ஆறுவதற்குள் மறுபடி:
முப்பது.
ஏதோ ஒரு வறண்ட கோடை
கோட்டோடு கோடாய் ஒட்டிக் கிடக்கிறது.
நகத்தால் பிரித்துப் பார்க்கிறாள்.
முப்பத்தொன்றுதான்.

மரவாடிக்கு எழுதுகிறாள்:
நோய் எதுவும் இல்லை.
அந்த ஒரு சாண் நீக்கினால்
பலகைக்கு ஆகும்.
புது ரம்பப் பல்லுக்கான செலவை
பல்கலைக்கழகம் தராது.

கட்டைவிரல் நகமளவு இரும்பு.
துடைக்காமல்
இழுப்பறையில் போடுகிறாள்.
மற்றவற்றின் மேல் அது விழும் ஓசை.