ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

சுருதிப்பெட்டியைப் போட்டதும்
இஷ்கான் காதைப் பொத்துவான்.
பொத்திக்கொண்டு மேசைக்கடியில்
பாதி உடம்பை நுழைத்துவிடுவான்.
முதலாம் தவணைப் படிவத்தில் நான் எழுதியது:
'சங்கீதத்தில் நாட்டமில்லை.'
சிவப்புப் பேனையால். அழகான கையெழுத்தில்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே
ஒரு ஒழுங்கை. அதன் கடைசியில் எங்கள் வகுப்பு.
யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று,
மூடினால் முப்பத்தொரு பிள்ளைகளின் வியர்வை.
ஆகவே விசிறி, முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை.
பழையது. ஒரு சிறகு சற்று வளைந்தது.
பதினொரு வருசமாய் அதன் கீழேதான் பாடுகிறேன்,
அது முனகுவதைக் கேட்டதே இல்லை.

ஒரு செவ்வாய், எல்லோரும் இடைவேளைக்குப் போன பின்
பெட்டியை நிறுத்த மறந்துபோனேன்.
அவன் வெளியே வந்தான். என்னைப் பாராமல்
விசிறியைக் காட்டினான், பெட்டியைக் காட்டினான்,
பிறகு இரண்டு முட்டிகளையும்
ஒன்றோடொன்று மோதினான். மோதினான். மோதினான்.
"சண்டை பிடிக்குது, மிஸ்."

அது அவன் என்னிடம் பேசிய முதல் வசனம்.

நின்று கேட்டேன்.
பெட்டி ஐந்து கட்டையில்.
விசிறி அதற்கு ஒரு மயிரிழை மேலே.
இரண்டும் உரசிய இடத்தில்
வவ்வவ்வவ்வென்று ஒரு துடிப்பு,
பல்லில் மணல் கடிபட்டாற்போல.
இதையா இந்தப் பிள்ளை
தவணை முழுக்க மென்றுகொண்டிருந்தான்?

சின்னத் திருகியை மெல்லத் திருப்பினேன்.
துடிப்பு நீண்டது, தளர்ந்தது,
மணலில் அலை வற்றுவது மாதிரி
இல்லாமல் போனது.
அவன் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

அன்றிலிருந்து எங்கள் சுருதிக்கு
எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை.
படிவத்தில் வெள்ளை மை பூசினேன்.
வெயிலில் பிடித்தால்
பழைய எழுத்து இன்னும் தெரிகிறது.

அன்சலீற்றாவைப் பற்றியும் சொல்லவேண்டும்,
சொல்வதை அவள் விரும்பமாட்டாள் என்றாலும்.
கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிறாள்.
வந்ததும் காதுக்கருவியைக் கழற்றிப்
பென்சில் பெட்டிக்குள் வைப்பாள்.
கதிரை வேண்டாம். தரைதான். உள்ளங்கை சீமெந்தில்.
பாணந்துறைக் கோச்சி எங்களுக்குக் கேட்பதற்கு
முக்கால் ஆவர்த்தனம் முன்னமே
அவள் விரல் உயரும்.

முன்பெல்லாம் கோச்சி வந்தால் பாட்டு நிற்கும்.
நான் திட்டுவேன், கோச்சிக்கு ரோசமில்லை.
இப்போது அவள் விரல் உயர்ந்தால்
தொடைகளில் தாளம் இறுகும்;
கோச்சி வந்து விழும் இடம்தான் எடுப்பு.
சில நாள் பிந்தும். அதுவும் கணக்கில் சேர்த்தி.
'கெட்டிக்காரி' என்று சைகை செய்தேன், பிழையாக.
என் விரல்களைப் பிடித்துத் திருத்திவிட்டாள்.

வலயத்திலிருந்து ஆலோசகர் வந்தார், கோப்போடு.
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இது எத்தனை கட்டை, ரீச்சர்?"
"விசிறிக் கட்டை, சேர்."
அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார்.

அப்போதுதான் கரண்ட் போனது.
பெட்டியும் விசிறியும் ஒரே மூச்சில் அடங்கின.
பிள்ளைகள் பாதி ஸ்வரத்தில், அந்தரத்தில்.
வெக்கை. ஒரு காகம். தூரத்தில் ஓட்டோ.
பிறகு மேசைக்கடியிலிருந்து
'ம்'
என்று ஒன்று வந்தது.
உரக்க இல்லை. அழகாயும் இல்லை.
ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே
அதே இடத்தில், அசையாமல்.
அன்சலீற்றா அந்த மேசைக் காலில்
கன்னத்தை வைத்தாள். தலையசைத்தாள்.
மற்றவர்கள் ஒவ்வொருவராய்
அதன்மேல் ஏறி நின்றார்கள்.

ஆலோசகரின் பேனை என்ன செய்ததென்று
நான் பார்க்கவில்லை.

கரண்ட் வந்தபோது விசிறி
கிறுகிறுத்து, இருமி, சுற்றத் தொடங்கியது.
நான் பாட வாயெடுத்தேன்.
இஷ்கான் ஒரு கையை நீட்டித் தடுத்தான்:
"இன்னும் வரல்ல, மிஸ்."

முப்பத்தொரு பிள்ளைகளும் ஆலோசகரும் நானும்
கழுத்தை நிமிர்த்தி
அந்த வளைந்த சிறகைப் பார்த்தபடி
இருந்தோம்.