தார்த்தாள்

வால்திவியாவில் ஜூலை.
தூவானம் விடுவது இருக்கட்டும்,
மழையே விடவில்லை, பதினோரு நாளாய்.

போனில் ஒன்பது செய்திகள்.
ஒன்பதும் 'அவசரம்' என்றே தொடங்குகின்றன.
அடுப்பில் விறகு பிடிப்பதற்குள்
தகரக் கடை ரசீதின் பின்பக்கம்
வரிசை போடுகிறேன்.

கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகும் வீடு முதலில்.
எவாரிஸ்தோ படுத்த படுக்கை,
நகர்ந்து படுக்க அவரால் ஆகாது.
அடுத்து பேக்கரி. மாவு மூட்டை நனைந்தால்
தெருவுக்கே காலையில் ரொட்டி இல்லை.
உடற்பயிற்சிக் கூடம் நல்ல காசு தரும்,
இரண்டு மாதம் கழித்து.
மூன்றாவதா, நான்காவதா?
கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போகிறேன்.
உட்கூரையில் கறை தெரிகிறது, குதிரை மாதிரி இருக்கிறது என்று
படமெடுத்து அனுப்பிய அம்மாள்
குதிரையோடு வெள்ளிவரை இருக்கட்டும்.

எங்கள் வீட்டு வாளி
எந்த வரிசையிலும் இல்லை.
சொட்டுச் சத்தம் மாறினால் நிறைந்துவிட்டது,
எழுந்து போய்க் கொட்டவேண்டும்.
அவ்வளவுதான் அதற்கு என்னிடம் உள்ள நேரம்.

ஒன்பதே முக்காலுக்கு,
தூங்கிவிட்டாள் என்று நான் நம்பியிருந்த அனாயிஸ்
கதவோரம் வந்து நிற்கிறாள்.
"அம்மா, நாளைக்கு நான் கடல்சிங்கம்."
எப்போது சொன்னார்கள்?
"போன செவ்வாய்."
ஏன் சொல்லவில்லை?
"நீ கூரைமேல் இருந்தாய்."

இதற்கு ரசீதில் இடமில்லை.
கடைகள் அடைத்தாயிற்று.
கறுப்பாய், வழுவழுப்பாய்
வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று:
பேக்கரிக்கு அளந்து வெட்டிய தார்த்தாள்.

அளந்ததை மறுபடி அளந்தேன்.
ஒரு மீட்டர் இருபது குறையும்.
தகரக் கடை திறக்கப் பத்து மணியாகும்.
ஓஸ்வால்தோ மாவுக் கையோடு வாசலில் நின்று கத்துவார்.
கத்தட்டும் என்று
கத்தரிக்கோல் முடிவு செய்தது.

துடுப்புக்கு ஆணி கூடாது,
தைத்தால் தாள் கிழியும்.
கூரை மூலையை மடிப்பதுபோல் மடித்து ஒட்டினேன்.
மீசைக்கு மூன்று துண்டு மின்கம்பி.
என் தோளில் பாதித் தூக்கத்தில் சாய்ந்தபடி
"மீன்சந்தைப் படியில் கிடக்குமே அந்தக் குண்டன்,
அதுமாதிரி கொட்டாவி விடணும்" என்றாள்.
விட்டோம், இரண்டு பேரும்.
பழகிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

காலையில்
எவாரிஸ்தோவின் கூரைச் சரிவில் முட்டிபோட்டபடி பார்க்கிறேன்.
பக்கத்து வீட்டு பெர்னார்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு
குடைக் கூட்டத்துக்கு நடுவே
குடையில்லாமல் ஒன்று போகிறது.
அதன்மேல் விழும் மழை
சரிவு பார்த்து, மடிப்புப் பார்த்து
ஒழுங்காய் வழிந்து இறங்குகிறது.
ஒரு சொட்டு உள்ளே போகாது, எனக்குத் தெரியும்.
இந்த மாதம் நான் செய்ததிலேயே நல்ல வேலை.
காசு வராது.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
ஓஸ்வால்தோவாகத்தான் இருக்கும்.
வாயில் இரண்டு ஆணி, கையில் ஒன்று.
முதலில் கையில் இருப்பது.