இரண்டு காதும் தெரிய

லாரன்ஸ் ரோட்டில் என் ஸ்டூடியோ.
ஊர்ப்பெயரில் புலி இருக்கிறது:
பலகையில் முழுசாகத் திருப்பாதிரிப்புலியூர்,
கண்டக்டர் வாயில் திருப்பாப்புலியூர்.
அவ்வளவுதான் இங்கே புலி.
மற்றபடி கெடிலத்தில் எருமை,
தேவனாம்பட்டினத்து மணலில் நண்டு,
லென்சுக்குள் உப்புக்காற்று வளர்க்கும் பூஞ்சை.

சுவரில் தொங்கும் சிறுத்தையை
வண்டலூரில் எடுத்தேன்.
வலையோடு லென்சை ஒட்டவைத்து,
துளையை முழுக்கத் திறந்துவிட்டு,
அது நாலடி உள்ளே நகரும்வரை
மூச்சுவிடாமல் நிற்க வேண்டும்.
கம்பி கரைந்துவிடும்,
காப்பியில் சர்க்கரை மாதிரி.
கரையாத சிமெண்டுத் தொட்டியை
அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில்
இலைகள் போட்டு மூடினேன்.

எந்தக் காடு என்று கேட்பார்கள்
ஆதார் திருத்த வந்தவர்கள்,
வரனுக்குப் படமெடுக்க வந்தவர்கள்.
வால்பாறை என்பேன்.

வால்பாறைக்கும் போனதுண்டு.
புதுச்சேரியில் வாடகைக்கு வாங்கிய லென்ஸ்,
ஒரு நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
ஐந்து ராத்திரி தேயிலைச் சரிவில்.
அட்டைகள் குடித்தது போக மிச்சம் நான்.
கடைசி ராத்திரி கேளையாடு ஒன்று
குரைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.
எஸ்டேட் லாரியின் வெளிச்சம் திரும்பிய நொடியில்
அழுத்தினேன்.
விழுந்தது: இருட்டு,
ஆடிப்போன ஒரு கிளை,
இரண்டு பச்சைப் பொட்டு.
அதற்கு நான் தெளிவாகத் தெரிந்திருப்பேன்.

அந்தப் படம் கல்லா டிராயரில்,
பில் புத்தகத்துக்கு அடியில் கிடக்கிறது.
யார் வாங்குவார்?

ஐப்பசியில் ஒருநாள், கரண்ட் வந்து வந்து போன மதியம்,
நனைந்த சட்டையோடு வந்தார் எழில்வேந்தன்.
விசாவுக்கு எட்டு காப்பி, வெள்ளை பேக்ரவுண்டு.
கத்தாரில் குளிர்க்கிடங்கு வேலை,
இறைச்சிப் பெட்டி அடுக்குவது.
தலை துவட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தவர்
துண்டை இறக்கினார்.

"கோமளாதானே இது?"

இது வால்பாறையில் எடுத்தது, என்றேன்.
அவர் மறுத்துப் பேசவில்லை.
தோளருகே விரல் வைத்தார்,
கண்ணாடிமேல் ஈரம் படிந்தது.
"இங்க பாருங்கக்கா,
அடுப்புக்கல் மாதிரி மூணு புள்ளி.
காது கிழிஞ்சது வேலியில மாட்டி.
ஆறு வருஷம் கறி போட்டேன் இவளுக்கு.
செவ்வாக்கிழமை இவளுக்குப் பட்டினி,
எனக்கும் அன்னிக்கு டீ மட்டும்தான்."

இப்போது எப்படி இருக்கிறாள் என்றேன்.
கான்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதம் ஆகிறதாம்.
டிக்கெட் எடுத்து உள்ளே போக
ஒரு மாதிரி இருக்கிறதாம்.

பிறகு கேட்டார்:
"கம்பியோட ஒண்ணு இருந்தா குடுங்க.
கம்பி இல்லாம
அவ முகம் எனக்குப் பழக்கமில்ல."

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன்.
கரைந்தது என்று நான் நம்பிய கம்பி
கன்னத்தின் குறுக்கே
சாம்பல் நிறக் கட்டம் கட்டமாய் இருந்தது.
பின்னால் தொட்டி. அதன்மேல் குழாய்.
"அந்தக் குழாய்க்கு வாஷர் போட்டது நான்தான்"
என்று சத்தமாகச் சிரித்தார்.

ஸ்டூலில் உட்காரவைத்தேன்,
நிழல் விழாமலிருக்க
திரையைவிட்டு நாலடி தள்ளி.
சிரிக்கக் கூடாது.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
கண் சிமிட்டாதீங்க.
மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.
தாடையில் பழைய கீறல் ஒன்று, நீளமாய்.
எடுத்துவிடவா என்று
வழக்கமாகக் கேட்பேன்.

இரண்டுக்கும் சேர்த்துக் காசு எண்ணி வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
ஒரு பாலிதீன் உறைக்குள்
அவர் முகம் எட்டும், அவள் முகம் ஒன்றும்
மழையில் நனையாமல் போயின.

கோமளா இன்னும் இங்கே இலைகளுக்குள்தான்
நின்றுகொண்டிருக்கிறாள். கழற்ற மனமில்லை.
நேற்றும் ஒருவர் கேட்டார்,
எந்தக் காடு என்று.
திருப்பாப்புலியூர் என்றேன்.