ஈடு

உப்புவெளி ஹோட்டலின் மேல்மாடியில்
மூன்று நாட்டுக் கொடிகள்,
முள்ளுக்கரண்டி உயரத்தில்.
நடுவில் நான்:
மணிக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
மதியச் சாப்பாடு அவர்கள் கணக்கு.

முதல் அரைமணி எண்ணெய்.
சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் தாங்கிகளை
ஒருவர் தன் வீட்டுத் தென்னைகளைப் போல எண்ணினார்.
வெள்ளைக்காரன் கட்டினது. யப்பான்காரன் குண்டு போட்டது.
பிறகு வந்தவர்கள் எல்லாரும்
பேனாவோடு வந்தவர்கள்.
குத்தகை என்ற சொல்லை
அன்று காலையில் மட்டும் பதினொரு தரம் சொன்னேன்.
ஒரு தாங்கியின் மூடியைப் பிளந்து நிற்கும் ஆலுக்கு
எத்தனை வருசக் குத்தகை என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு வெயில்.
"உங்களிடம் மிக நல்ல வெயில் இருக்கிறது" என்றார்
கழுத்துப்பட்டி கட்டியவர், மெத்தென்ற குரலில்.
சொன்னேன்.
சம்பூரிலிருந்து வானில் ஏற்றிவந்த சனம்
ஆளையாள் பார்த்தது.
வெயிலுக்காக அவர்களை
இதுவரை யாரும் பாராட்டினதில்லை.

அதே காணி.
முந்தி அதில் நிலக்கரி வர இருந்தது.
அதற்கு முந்தி நாங்கள் இருந்தோம்.

கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே
எனக்கும் அந்த வெயிலைத் தெரியும்.
அதை யாரும் சொல்லவில்லை,
ஆகவே நான் மொழிபெயர்க்கவில்லை.

பதினொன்றரைக்குத்தான் அந்தச் சொல் வந்தது.
அங்கே ஒரு நாட்டில் புகை போகும்.
இங்கே கண்ணாடிப் பலகை வெயிலைக் குடிக்கும்.
அதுவும் இதுவும் சரி.
திணைக்களம் தந்த சொற்பட்டியலில்
அதற்கு "கரிம ஈடு" என்று இருந்தது.
வாசித்துவிட்டேன்.

பின்வரிசையில் பாக்கியலட்சுமி எழும்பினா.
"ஈடெண்டால்?
மண்ணெண்ணெய் இல்லாத வருசம்
நாலு நாள் வரிசையில நிண்டு
அஞ்சாம் நாள் தோட்டை ஈடு வைச்சுக்
கறுப்பில வாங்கி வள்ளம் விட்டது நாங்கள்.
வட்டி இன்னும் போகுது.
இப்ப எரிக்கிறது ஆர்?
ஈடு வைக்கிறது ஆற்ற பொருளை?
மீக்கிறது எப்ப?"

எல்லா முகமும் என்னைப் பார்த்தது.
அவர்கள் மொழியில் அதற்கு
மூன்று சொல் இருக்கிறது,
மூன்றும் ஒன்றையொன்று தெரியாதது போல் நடக்கும்.
நான் ஒன்றை எடுத்தேன்.
கழுத்துப்பட்டி தலையாட்டி எழுதினார்:
மக்கள் நட்டஈடு பற்றி விசாரித்தனர்.

இல்லை ஐயா, என்று சொல்ல வாய் திறக்கையில்
கரண்ட் போனது.
இரண்டு மூச்சு இருட்டு. குளிரூட்டி நின்ற இடத்தில்
கடல் கொஞ்சம் கேட்டது.
பின்வளவில் ஜெனரேற்றர் இருமி எழும்ப
டீசல் மணம் படிக்கட்டால் ஏறிவந்து
எங்களோடு கூட்டத்தில் இருந்தது.
கழுத்துப்பட்டி அடுத்த படத்துக்குப் போயிருந்தார்.
அதில் ஒரு துருவக் கரடி.

சாப்பாடு நல்லாயிருந்தது, பொய் சொல்லக்கூடாது.
பாரை மீன், கணவாய்.
எங்கே பிடித்தது என்று வள்ளக்காரர்
தட்டைப் பார்த்தே சொன்னார்கள்.

மூதூர்ப் பக்கம் போக வான் வந்து நின்றபோது
பாக்கியலட்சுமி இடுப்புப் பையிலிருந்து
நாலாய் மடித்த துண்டொன்றை எடுத்தா.
"பிள்ளை, அடியில பொடி எழுத்தில
இங்கிலிசில என்ன கிடக்கு?"

திகதிக்குள் மீட்கப்படாத பொருள்
முன்னறிவித்தலின்றி ஏலத்தில் விடப்படும்.

அன்று முழுதும் தடுமாறின நாக்கு
இதற்குத் தடுமாறவில்லை.

அவ "ம்" என்றா.
ஆளாளுக்குக் கொடுத்த வழவழத்த கையேட்டுக்குள்,
சிரிக்கும் சூரியன் போட்ட அட்டைக்குள்,
கசங்காதபடி துண்டை வைத்து
வானில் ஏறினா.

பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச்சீற்றை மென்றுகொண்டு நின்றது.
எனக்குத் தந்த உறையைத் திறந்தேன்.
இருட்டுக்கு அவர்கள் காசு வெட்டவில்லை.